கால் கழுவியவளுக்குத் தெரியும்

ஹோமரின் 'ஒடிசி' காவியத்தில், இருபது ஆண்டுகள் கழித்து ஒடிசியஸ் பிச்சைக்காரன் வேடத்தில் தன் வீட்டுக்கே திரும்பி வருகிறான். மனைவி பெனலோப்பி எதிரில் உட்கார்ந்து பேசுகிறாள். அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. வந்தவரின் காலைக் கழுவிவிடச் சொல்லிக் கிழவி யூரிக்ளியாவைக் கூப்பிடுகிறாள். கிழவி தண்ணீரையும் வெந்நீரையும் கலந்து, காலைத் தேய்த்துக் கழுவுகிறாள். அப்போது முழங்காலுக்கு மேலே ஒரு தழும்பு கையில் தட்டுப்படுகிறது. இளவயதில் காட்டுப்பன்றி கிழித்த தழும்பு அது. கை நழுவ, கால் வெண்கலப் பாத்திரத்தில் விழுந்து கணீரென்கிறது. பாத்திரம் சாய்ந்து தண்ணீர் தரையெல்லாம் ஓடுகிறது. மனைவியின் கண்ணுக்குத் தெரியாதது வளர்த்த வேலைக்காரியின் விரலுக்குத் தெரிந்துவிட்டது.

மறுகணம் ஒடிசியஸ் அவள் தொண்டையைப் பிடிக்கிறான். வெளியே ஒரு வார்த்தை போனாலும் உயிர் போகும் என்கிறான்.

வீட்டு வேலையாட்களைப் பற்றி உலகம் எழுதியதில் பெரும்பகுதி இந்த ஒரு காட்சிக்குள் அடங்கிக் கிடக்கிறது. வீட்டின் ரகசியம் அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லும் உரிமைதான் அவர்களிடம் இல்லை. ஹோமர் யூரிக்ளியாவின் தகப்பன் பெயரையும் பாட்டன் பெயரையும் சொல்கிறார். கூடவே, ஒடிசியஸின் தந்தை லேயர்ட்டீஸ் அவளை இருபது மாடுகளின் விலைக்கு வாங்கினார் என்பதையும் சொல்லிவிடுகிறார். அதே காவியத்தின் இறுதியில், பெனலோப்பியை மணக்க வந்தவர்களோடு பழகினார்கள் என்ற குற்றத்துக்காகப் பன்னிரண்டு பணிப்பெண்கள் சாகிறார்கள். முதலில் அவர்களைக்கொண்டே கூடத்து ரத்தத்தைக் கழுவ வைக்கிறார்கள். பிறகு ஒரே கப்பல் கயிற்றில் வரிசையாகத் தூக்கிலிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்குப் பெயர்கூட இல்லை. அந்தப் பன்னிரண்டு பேரைப் பேசவைக்க மார்கரெட் அட்வுட் 2005இல் ஒரு நாவல் எழுத வேண்டியிருந்தது.

செத்த பிறகாவது ஓய்வு உண்டா என்றால், பழைய எகிப்தில் அதுவும் இல்லை. மறுமையில் வயல்வேலை வந்தால் அரசனுக்குப் பதிலாகப் போய்ச் செய்ய, உஷப்தி என்ற சிறு பொம்மைகளைக் கல்லறையில் வைத்தார்கள். துட்டன்காமூன் கல்லறையில் இருந்தவை 413. ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒருவராக 365 பேர், அவர்களை மேய்க்க 36 மேற்பார்வையாளர்கள், மாதத்துக்கு ஒருவராக இன்னும் 12 பேர். சம்பளப் பட்டியல் போலவே கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

தமிழில் இந்த 'தெரிந்தவள்' பாத்திரம் மிகப் பழையது. சங்க அகப்பாடல்களில் தலைவியைவிட அதிகம் பேசுகிறவள் தோழிதான் என்று தோன்றும் அளவுக்கு அவள் பேச்சு நிறைந்திருக்கிறது. அவள் செவிலியின் மகள். செவிலி தலைவியை வளர்த்த தாய். களவுக் காதலை முதலில் அறிகிறவளும், தலைவனை மடக்கிக் கேள்வி கேட்கிறவளும், உடன்போக்குக்கு நாள் குறிக்கிறவளும் தோழியே. ஆனால் அவளுக்கென்று ஒரு காதல் இருந்ததா, அவள் யாருக்காகவாவது இரவில் விழித்திருந்தாளா என்று எந்தப் பாட்டும் கேட்பதில்லை. இதற்கு இலக்கணமே இடம் கொடுக்கவில்லை. அடியோரும் (அடிமைகளும்) வினைவலரும் (ஏவல் செய்வோரும்) அன்பின் ஐந்திணைக்கு வெளியே நிற்க வேண்டியவர்கள் என்று தொல்காப்பியம் அவர்களை ஒதுக்கி வைக்கிறது. குறிஞ்சியும் முல்லையும் ஏவல் செய்கிறவர்களுக்கு எழுதப்படவில்லை. தமிழ்க் காதல் கவிதையின் பெருமையைப் பேசும்போதெல்லாம் இந்த வாசலையும் சேர்த்தே பேச வேண்டும்.

பிற்காலத்தில் அதே தமிழ், அடிமை என்ற சொல்லைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் சுந்தரர் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். புத்தூரில் கல்யாணப் பந்தல். மாப்பிள்ளைக் கோலத்தில் சுந்தரர். ஒரு முதிய அந்தணர் தள்ளாடி வந்து, இவன் என் அடிமை, இவன் பாட்டன் தன்னையும் தன் வழிவருவோரையும் எனக்கு எழுதிக் கொடுத்த ஓலை இதோ என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்தெறிகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. கிழிந்தது படி ஓலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார் முதியவர். அவையோர் அதை அப்படியே நம்பிவிடவில்லை. பாட்டனின் கையெழுத்துள்ள வேறு ஓலையை வரவழைத்து, எழுத்தோடு எழுத்தை ஒத்துப் பார்க்கிறார்கள். ஒத்துப்போகிறது. சுந்தரர் தோற்கிறார், வந்தவர் சிவபெருமான் என்பது பிறகுதான் தெரிகிறது.

பக்தியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு இதைப் படித்தால் வேறொன்று கண்ணில் படும். ஆளோலை என்பது புராணக் கற்பனை அல்ல. ஒரு மனிதர் தன்னையும் பிறக்கப்போகும் பிள்ளைகளையும் எழுதிக் கொடுப்பதும், அந்த ஓலைக்குப் படியும் மூலமும் இருப்பதும், ஊர்ச்சபை அதைச் சரிபார்ப்பதும் சேக்கிழார் காலத்து வாசகருக்கு விளக்கம் தேவைப்படாத நடைமுறைகள். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஆட்களைக் கோயிலுக்கு விற்ற செய்திகள் இருக்கின்றன. அரண்மனை ஏவல் பெண்கள் இருந்த 'வேளம்' என்ற குடியிருப்புகளையும் கல்வெட்டுகள் குறிக்கின்றன. போரில் பிடிபட்டு வந்த பெண்களும் அங்கே இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. அந்த வேளத்துப் பெண்களில் சிலர் கோயிலுக்குக் கொடை கொடுத்துத் தம் பெயரைக் கல்லில் ஏற்றியிருக்கிறார்கள். கோயில் சுவர் இல்லாவிட்டால் அந்தப் பெயர்களும் போயிருக்கும். ஆ. சிவசுப்பிரமணியன் 'தமிழகத்தில் அடிமைமுறை' என்று ஒரு நூலே எழுதும் அளவுக்கு இந்த ஆவணங்கள் சிதறிக் கிடந்தன. பிரிட்டிஷ் இந்தியாவில் அடிமை உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்ற சட்டம் 1843இல்தான் வந்தது.

ஆண்டவனுக்கு அடிமை என்று சொல்லிக்கொள்வது பெருமையானது. ஆளுக்கு அடிமையாக இருந்தவரின் நிலை அதனால் மாறவில்லை.

வேலைக்காரியாக இருப்பது ஒரு பெண்ணின் உடலுக்கு என்ன செய்கிறது என்பதை மகாபாரதம் மறைக்கவில்லை. அஞ்ஞாதவாசத்தில் பாண்டவர்கள் விராடன் வீட்டு வேலையாட்களாகிறார்கள். பீமன் சமையல்காரன், திரௌபதி அரசியின் கூந்தலை அலங்கரிக்கும் சைரந்திரி. அவள் அரசியாக இருந்தபோது சபையில் இழுத்து அவமானப்படுத்த ஒரு சூதாட்டம் தேவைப்பட்டது. வேலைக்காரியானதும் எதுவும் தேவைப்படவில்லை. அரசியின் தம்பி கீசகன் பார்க்கிறான், கேட்கிறான், துரத்துகிறான். அரசியே அவளைக் கள் கொண்டுவரச் சொல்லி அவன் வீட்டுக்கு அனுப்புகிறாள். அரசவையில் கீசகன் உதைத்தபோதும் விராடன் நீதி சொல்லவில்லை. கடைசியில் நியாயம் சமையற்கட்டிலிருந்துதான் வருகிறது, பீமன் கையால்.

1740இல் சாமுவேல் ரிச்சர்ட்சன் எழுதிய 'பமேலா' ஐரோப்பாவை உலுக்கியதற்கும் இதுவே காரணம். பதினைந்து வயது வேலைக்காரிப் பெண், எசமானின் பிடியிலிருந்து தப்பித் தப்பிக் கடிதம் எழுதுகிறாள். ஒரு வேலைக்காரியின் மனம் இத்தனை பக்கங்களுக்கு விரியும் என்று அதுவரை யாரும் காட்டவில்லை. ஆனால் முடிவில் அந்த எசமானையே அவள் கட்டிக்கொள்கிறாள், அதுவும் பரிசாக. தமிழ்நாட்டில் அண்ணாவின் 'வேலைக்காரி' 1949இல் படமானபோது, வேதாசல முதலியாரின் மகன் மூர்த்தி வேலைக்காரி அமிர்தத்தைக் காதலித்ததே பெரிய புரட்சி. சாதியையும் பணத்தையும் நோக்கி அந்தப் படம் எழுப்பிய கோபம் உண்மையானது. ஆனாலும் வேலைக்காரிக்கு விடுதலை என்றால் வீட்டு எசமானியாவதுதான் என்ற எண்ணத்தை இரண்டு கதைகளுமே தாண்டவில்லை. வேலைக்காரியாகவே இருந்து மரியாதையோடு வாழ்வது என்ற மூன்றாவது வழி பெரும்பாலான கதைக்காரர்களின் கண்ணில் படவே நெடுங்காலம் ஆனது.

அதைப் பழங்காலத்திலேயே பார்த்த சிலரில் சமஸ்கிருத நாடகாசிரியர் சூத்திரகர் ஒருவர். 'மிருச்சகடிகம்' நாடகத்தில் ஸ்தாவரகன் ஒரு வண்டிக்காரன், அடிமை. கணிகை வசந்தசேனையைக் கொல்லச் சொல்லி அவன் எசமான் முதலில் ஆசை காட்டுகிறான், பிறகு அடிக்கிறான். ஸ்தாவரகன் மறுக்கிறான். எசமான் தானே அவள் கழுத்தை நெரித்துவிட்டு, பழியை அவள் காதலன் சாருதத்தன்மேல் போட்டு, எல்லாம் தெரிந்த ஸ்தாவரகனை விலங்கிட்டு மாளிகை மேலே அடைக்கிறான். சாருதத்தனைக் கொலைக்களத்துக்கு இழுத்துப்போகும் சத்தம் கேட்டு, ஸ்தாவரகன் விலங்கோடு மேலிருந்து குதித்து ஓடிவந்து உண்மையைச் சொல்கிறான். எசமான் ஒரே வார்த்தையில் அதை முறித்துவிடுகிறான்: இவன் தங்கம் திருடினான், தண்டித்தேன், அந்த ஆத்திரத்தில் பேசுகிறான். கூட்டம் எசமானைத்தான் நம்புகிறது. மாடியிலிருந்து குதித்த மனிதனின் சாட்சி செல்லாமல் போகிறது. நகை காணாமல் போனால் முதலில் யார் பையைச் சோதிக்கிறார்கள் என்பதை அறிந்த எவருக்கும் இந்தக் காட்சி பழையதாகத் தோன்றாது.

ஐரோப்பிய மேடை வேறு வழியில் போனது. ரோமானிய நாடகாசிரியர் பிளாட்டஸ் காலத்திலிருந்து அங்கே புத்திசாலி வேலைக்காரன் ஒரு நிரந்தரப் பாத்திரம். எசமான் மகனின் காதலுக்கு வழி செய்வான், கிழவரை ஏமாற்றுவான், அடி வாங்குவான், சிரிக்க வைப்பான். இந்த வரிசையை உடைத்தவன் பிகாரோ. பொமார்ஷேயின் 'பிகாரோவின் திருமணம்' சில ஆண்டுகள் தடையில் கிடந்து, 1784 ஏப்ரலில் பாரிஸில் பொது மேடை ஏறியது. பதினாறாம் லூயி அதைக் கடுமையாக எதிர்த்தவர். பிரபு செய்த சாதனை பிறந்தது மட்டும்தான் என்ற பொருளில், ஒரு வேலைக்காரன் தன்னந்தனியாக மேடையில் நின்று நெடுநேரம் பேசுகிறான். இரண்டே ஆண்டில் மோட்சார்ட் அதை ஆப்பராவாக்கினார். வியன்னாவில் அனுமதி கிடைக்க, அந்த அரசியல் பேச்சை எடுக்க வேண்டியிருந்தது. பாரிஸ் நாடகம் நடந்த ஐந்தாம் ஆண்டில், பிரெஞ்சுப் புரட்சியில், பாஸ்டீல் சிறை விழுந்தது.

ஓவியர்கள் வேலையாட்களைப் பார்த்த விதம் இன்னும் நுணுக்கமானது. வெர்மீரின் பால் ஊற்றும் பணிப்பெண்ணை எல்லோரும் பார்த்திருப்பார்கள். 1660ஐ ஒட்டி வரைந்த, அரை மீட்டர் உயரம்கூட இல்லாத படம் அது. வலுவான முன்கை, மேலே மடித்துவிட்ட சட்டைக்கை, மேசைமேல் ரொட்டி, தரையில் குளிர்காலத்துக் கால்சூட்டுப் பெட்டி, சுவரில் ஆணி அடித்த ஓட்டை. பால் மெல்லிய இழையாக விழுகிறது. யாருக்காகவோ அவள் ஊற்றவில்லை. அந்தக் கணம் அவளுடையதாகவே இருக்கிறது. வேலை செய்கிறவரின் கவனத்தை, அந்த ஆழ்ந்த முகத்தை, இத்தனை மரியாதையோடு வரைந்த படம் வேறு எது என்று தேடத்தான் வேண்டும்.

வெலாஸ்கெஸ் வரைந்த ஹுவான் தெ பரேஹாவின் கதை அதைவிடத் திருப்பம் மிக்கது. பரேஹா அந்த ஓவியரின் அடிமை. வண்ணம் அரைத்து, துணி இழுத்துக் கட்டி, கூடவே இருந்தவர். 1650இல் ரோமில் வெலாஸ்கெஸ் அவரை வரைந்தார். நிமிர்ந்த தலை, அகன்ற வெள்ளைக் கழுத்துப்பட்டி, பார்ப்பவரை நேராகப் பார்க்கும் கண்கள். பார்த்தவர்கள் வியந்தார்கள். படம் வரைந்து முடித்த அதே ஆண்டில்தான் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்தானது. அதிலும் இன்னும் நான்கு ஆண்டு உழைக்க வேண்டும் என்ற நிபந்தனை. விடுதலையான பரேஹா தாமும் ஓவியரானார். 1661இல் புனித மத்தேயுவைப் பற்றி அவர் வரைந்த பெரிய படத்தின் ஓரத்தில் தம்மையும் வரைந்துகொண்டார். கையில் ஒரு தாள். அந்தத் தாளில் அவர் பெயர். எசமான் வரைந்த அவர் முகம் 1970இல் லண்டன் ஏலத்தில் 23 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. பத்து லட்சம் பவுண்டைத் தாண்டி ஏலம் போன முதல் ஓவியம் அதுதான்.

எல்லோருக்கும் அப்படிப் பெயர் கிடைக்கவில்லை. ஜோஷுவா ரெனால்ட்ஸ் 1765ஐ ஒட்டி ஜார்ஜ் கிளைவின் குடும்பத்தை வரைந்தார். கணவன், மனைவி, சின்னஞ்சிறு மகள், மகளைப் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கும் இந்தியப் பணிப்பெண். தலைப்பில் குடும்பத்துக்குப் பெயர் இருக்கிறது. அவள் 'இந்தியப் பணிப்பெண்' மட்டும். வேல்ஸில் உள்ள எர்டிக் மாளிகையில் மட்டும் வேறு வழக்கம். அங்கே 1790களிலிருந்து வீட்டுத் தச்சர், சமையல்காரர், துப்புரவுப் பெண் எல்லோரையும் வரைந்து, ஒவ்வொருவரைப் பற்றியும் பாட்டெழுதி மாட்டினார்கள். அது அரிய விதிவிலக்கு என்பதால்தான் இன்று ஆட்கள் தேடிப்போய்ப் பார்க்கிறார்கள்.

வேலையாள் என்பது அந்தஸ்தின் அளவுகோலாக இருந்ததை அரசாங்கங்களும் அறிந்திருந்தன. அமெரிக்கப் போருக்குப் பணம் திரட்ட பிரிட்டன் 1777இல் ஆண் வேலையாள் ஒருவருக்கு ஒரு கினி என்று வரி போட்டது. வண்டிக்கும் வேலையாளுக்கும் அந்தக் கணக்கில் பெரிய வேறுபாடு இல்லை.

கிளைவ் வீட்டுப் பணிப்பெண்ணைப் போன்ற ஆயாக்கள் பிறகு ஆயிரக்கணக்கில் கப்பலேறினார்கள். ஆயா என்ற சொல்லே போர்த்துக்கீசியம் வழியாக ஆங்கிலேயர் வீடுகளில் பரவியது. கடல் பயணம் முழுக்கக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அவர்கள் வேண்டும். லண்டனில் இறங்கியதும் வேண்டாம். திரும்பிப் போகக் காசில்லாமல் பலர் அங்கேயே விடப்பட்டார்கள். அவர்களுக்காக ஒரு விடுதியே நடந்தது. 1900 முதல் கிழக்கு லண்டன் ஹாக்னியில் கிங் எட்வர்ட்ஸ் சாலை 26ஆம் எண் வீட்டில் அது இயங்கியது. இந்தியா திரும்பும் குடும்பம் ஏதாவது வந்து கூட்டிப்போகும்வரை அங்கே காத்திருக்க வேண்டும். அந்த வீட்டுச் சுவரில் நினைவுப் பலகை ஏறியது 2022இல்தான்.

எழுத்தாளர்களுக்குப் பிடித்தது விசுவாசம். பிளாபேரின் 'எளிய உள்ளம்' கதையின் ஃபெலிசிதே, ஆண்டுக்கு நூறு பிராங்குக்கு அரை நூற்றாண்டு உழைக்கிறாள். டால்ஸ்டாயின் இவான் இலியிச் சாகும்போது மனைவியும் மருத்துவர்களும் பொய் சொல்ல, கெராசிம் என்ற வேலைக்கார இளைஞன் மட்டும் இரவெல்லாம் நோயாளியின் கால்களைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். செக்காவின் 'செர்ரித் தோட்டம்' 1904இல் மேடையேறியது. அதில் 87 வயது வேலையாள் பீர்ஸ் மருத்துவமனைக்குப் போய்விட்டதாக எல்லோரும் நினைத்துக்கொண்டு, அவரை விற்றுவிட்ட வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். தாகூரின் ராய்சரண் கதை இவற்றினும் கொடியது. தன் கவனிப்பில் இருந்த எசமான் குழந்தையைப் பத்மா நதியில் பறிகொடுத்தவன், தனக்குப் பிறந்த மகனையே பல ஆண்டு கழித்து, உங்கள் பிள்ளையை நான்தான் திருடினேன் என்று கொண்டுபோய்க் கொடுக்கிறான். எசமான் அவனைத் துரத்திவிடுகிறார். பிறகு மனம் கேட்காமல் ஊருக்குப் பணம் அனுப்பினால், அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்று திரும்பி வருகிறது.

இந்தக் கதைகள் எழுதப்பட்ட காலத்தில் வேலையாட்களின் கணக்கை எசமானர்களே எழுதினார்கள். பெண் எழுத வேண்டுமானால் சொந்த அறையும் ஆண்டுக்கு ஐந்நூறு பவுண்டும் வேண்டும் என்று 1929இல் எழுதிய வர்ஜீனியா உல்ஃப், அதே ஆண்டுகளில் தன் நாட்குறிப்பில் சமையல்காரி நெல்லி பாக்ஸாலோடு நடந்த சண்டைகளைப் பக்கம் பக்கமாக எழுதிவந்தார். 1934இல் நெல்லியை அனுப்பும்வரை பதினெட்டு ஆண்டுகள். அந்த அறையைப் பெருக்கியவளுக்கு ஓர் அறை வேண்டாமா என்ற கேள்வி உல்ஃபின் மனதை உறுத்தாமல் இல்லை. ஆனால் விடை கிடைக்கவில்லை.

தமிழில் பாரதி 1917இல் வெளிவந்த கண்ணன் பாட்டில் கண்ணனையே சேவகனாக்கினார். சேவகர்கள் சொல்லும் சாக்குகளைப் பற்றிய எசமானின் சலிப்பில் அது தொடங்குகிறது. பிறகு கேளாமலே ஒருவன் வந்து, சம்பளம் பேசாமல், வீடு முழுவதையும் தாங்குகிறான். சுந்தரரை ஆளாகக் கொண்ட கடவுள் இங்கே ஆளாக வருகிறார். கவிதையாக அது ஈடில்லாதது. ஆனால் விடுப்பு கேட்காத, கூலி கேட்காத அந்த வேலையாள்தான் தமிழ் வீடுகளின் நெடுங்காலக் கனவும்கூட. தமிழ் சினிமா அந்தக் கனவைப் பல முறை படமாக்கியது. 'படிக்காத மேதை' (1960) படத்தில் சிவாஜியின் ரங்கன், விரட்டினாலும் அந்தக் குடும்பத்துக்காகவே உழைக்கிறான். 1968இல் பாலசந்தரின் 'எதிர் நீச்சல்' கொஞ்சம் மாற்றிப் பார்த்தது. குடித்தனக்காரர் எல்லோருக்கும் எடுபிடி வேலை செய்து, மாடிப்படிக்குக் கீழே படுத்து, படித்துத் தேறும் நாகேஷின் மாது. அவனுக்கு வீட்டு எண் கிடையாது. இருக்கும் இடமே அடைமொழி, மாடிப்படி மாது.

தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு' கதையில் ரயிலில் ஒரு சிறுமி வருகிறாள், கல்கத்தாவில் ஒரு வீட்டு வேலைக்காக அழைத்துப் போகப்படுகிறாள். எதிரே உட்கார்ந்திருந்த சிறுவன் தனக்கென்று வைத்திருந்த ஆரஞ்சை அவளிடம் கொடுத்துவிடுகிறான். வேறெதுவும் நடக்கவில்லை. அந்தப் பழம் கை மாறும்போது படிக்கிறவருக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். இந்தியாவில் 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வைப்பதைத் தடைசெய்யும் அறிவிக்கை நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபரில்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கணக்குப்படி உலகில் வீட்டு வேலை செய்வோர் 7 கோடியே 56 லட்சம் பேர். நான்கில் மூவர் பெண்கள். அவர்களும் மற்றத் தொழிலாளரைப் போன்றவர்களே, வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு வேண்டும் என்று சொல்லும் 189ஆவது உடன்படிக்கையை அந்த அமைப்பு 2011 ஜூனில் நிறைவேற்றியது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது, ஏற்புறுதி செய்யவில்லை. தமிழ்நாட்டில் 2007 முதல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் இருக்கிறது. பத்துப் பாத்திரம் தேய்த்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடும் பெண்களில் அதன் அட்டையைக் கண்ணால் பார்த்திராதவர்கள் ஏராளம். பல சமையற்கட்டுகளில் அவர்களுக்கென்று ஒதுக்கிய டம்ளர் இன்னும் ஜன்னல் விளிம்பில் தனியாகத்தான் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. கூப்பிடும்போதும் பெயர் வராது. "இந்தாம்மா" என்பதோடு சரி.

கடைசியில் கால் கழுவியவள் பேனா எடுத்த நாளும் வந்தது. பேபி ஹால்தார் பன்னிரண்டு வயதில் கல்யாணம் செய்துவைக்கப்பட்டவர். அடி தாங்காமல் மூன்று பிள்ளைகளோடு டெல்லி ரயில் ஏறி, குர்கானில் வீட்டு வேலைக்குச் சேர்ந்தார். ஒரு வீட்டில் புத்தக அலமாரியைத் துடைக்கும்போது அவர் கை அங்கேயே தயங்குவதை வீட்டுக்காரர் கவனித்தார். அவர் ஓய்வுபெற்ற மானிடவியல் பேராசிரியர் பிரபோத் குமார், பிரேம்சந்தின் பேரன். படிக்க தஸ்லிமா நஸ்ரினின் சிறுவயது நினைவுகளைக் கொடுத்தார். பிறகு ஒரு நோட்டும் பேனாவும் வாங்கித் தந்து, உன் வாழ்க்கையை எழுது என்றார். பேபி வங்க மொழியில் எழுதினார். எழுத்துப்பிழைகள் நிறைய, நெடுநாளாக எழுதாத கை. பிள்ளைகள் தூங்கிய பிறகு இரவில் எழுதினார், பகலில் வேலைக்கு நடுவே எழுதினார். பிரபோத் குமார் இந்தியில் மொழிபெயர்க்க, 2002இல் 'ஆலோ ஆந்தாரி' என்ற பெயரில் அது புத்தகமானது. 2006இல் ஆங்கிலத்திலும் வந்தது. அட்டையில் பேபி ஹால்தார் என்ற முழுப் பெயர். புத்தகம் பேசப்பட்ட பிறகும் அவர் அதே வீட்டில் தொடர்ந்து வேலை பார்த்தார். அடுத்த புத்தகத்தையும் எழுதினார்.